தொப்பியில் இரண்டு தட்டு

ஜூஹாய்
18 நவம்பர் 2018

அன்புத் தம்பி மாவ்லினுக்கு,

அண்ணன் தேஷான் எழுதுவது. நான் இங்கே நலம். மகள் நிங்கும் மருமகனும் நலம். பேரன் விடுதியில் படிக்கிறான், அவனும் நலம்.

போனிலேயே பேசலாமே என்று நிங் சொல்கிறாள். போன மாதம் பேசினோமே, நீ "என்ன?" என்றாய், நான் "என்ன?" என்றேன், இருபது நிமிடம் அப்படியே போயிற்று. நம் இரும்புப் பட்டறையின் நீராவிச் சம்மட்டி நம் இருவர் காதையும் பாரபட்சமில்லாமல் தின்றிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை கேள். ஓய்வூதியக்காரன் உயிரோடுதான் இருக்கிறான் என்று வருஷத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டுமல்லவா? நம் ஊரில் கமிட்டி அலுவலகத்துக்குப் போய் அன்றைய செய்தித்தாளைப் பிடித்தபடி படத்துக்கு நின்றால் போதும். இப்போது எல்லாம் செல்போனில். நிங் என் முகத்துக்கு நேரே அதைப் பிடித்தாள். கண்ணைச் சிமிட்டு என்றது, சிமிட்டினேன். வாயைத் திற என்றது, திறந்தேன். மூன்று முறையும் "ஒரே நபர் அல்ல" என்று எழுதிக் காட்டியது. நிங்குக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொன்னேன், "விடும்மா, அது சொல்றதும் சரிதானே."

இன்னொன்று. குடியிருப்பு மருத்துவ நிலையத்தில் வயதானவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்ததா, பசி குறைந்ததா, வாழ்ந்து என்ன என்று தோன்றியதா, இப்படி வரிசையாகக் கேள்விகள். இந்த மாதிரித் தாள்களை எப்படி நிரப்புவது என்று நமக்கா தெரியாது? இல்லை, இல்லை, இல்லை, மிக மகிழ்ச்சி, எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் பாராட்டினாள்.

இருபத்து மூன்றாவது மாடி. கீழே பூங்காவில் கிழவர்கள் சீட்டாடுகிறார்கள். இந்த ஊர்ப் பேச்சில் ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆகவே காது கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றுதான். தூக்கம் கொஞ்சம் குறைவு. வயதானால் அப்படித்தான். மற்றபடி நலம்.

நம் ஆறாம் பட்டறையை மூடிய அன்று நான் தூக்கிக்கொண்டு வந்த நீளப் பிடி இடுக்கி உன் வீட்டில் கிடக்கிறதே, அதை வேண்டியவர் யாருக்காவது கொடுத்துவிடு. எனக்கு இனி எதற்கு?

அன்பு அண்ணன்,
லுவான் தேஷான்

*

பென்ஷி
30 நவம்பர் 2018

அன்பும் பயமும் கலந்த மரியாதையோடு தேஷான் அண்ணனுக்கு,

தம்பி மாவ்லின் வணக்கம். (பயம் எதற்கு என்கிறீர்களா? இருபத்தாறு வருஷம் இடுக்கியும் கையுமாக நின்று என்னைக் கண்ணாலேயே அதட்டியவர் நீங்கள். பழக்கம் போகவில்லை.)

இங்கே பனி கொட்டுகிறது. நேற்றுதான் வெந்நீர்க் குழாயில் சூடு ஏறியது. ஃபெங்சின் குழாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், என்னைக்கூட அவள் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் "நலம்" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். நலமாக இருப்பவன் ஒரு தடவைதான் எழுதுவான்.

அது மட்டுமில்லை. நவம்பர் மாதத்தில் கடிதம் எழுதும் பென்ஷிக்காரன் முதல் வரியில் என்ன கேட்பான்? "முட்டைக்கோஸ் ஊறப் போட்டாச்சா, எத்தனை போட்டீங்க, உப்பு சரியா இருக்கா?" என்றுதான் கேட்பான். போன வருஷம்கூட நீங்கள் அங்கிருந்தபடியே எழுதினீர்கள், ஜாடிக் கல்லை நடுவில் வைக்காதே, ஓரமாக வை என்று இரண்டு பக்கம். இந்த வருஷம் ஒரு வார்த்தை இல்லை. ஃபெங்சின் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள், "மனுஷன் முட்டைக்கோஸையே மறந்துட்டாரு. இது சரியில்லையே."

இடுக்கியை யாருக்கும் கொடுக்கமாட்டேன். அது எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சுகமாக நிற்கிறது. அதைக் கொடு என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததிலிருந்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டாம், அண்ணே. என்ன நடக்கிறது? என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?

உங்கள் தம்பி,
ஜீ மாவ்லின்

*

ஜூஹாய்
16 டிசம்பர் 2018

தம்பி மாவ்லினுக்கு,

உனக்கு எண்ணத் தெரியும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறைத்துப் பயனில்லை. நான் சாப்பிடுவதில்லை, ஒரு சுற்று இளைத்துவிட்டேன் என்று நிங் என்னைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். இரத்தம், நெஞ்சுப் படம், வயிற்றுப் படம் எல்லாம் பார்த்தார்கள். எங்கும் கோளாறு இல்லை. எனக்கு நெஞ்சில்தான் கனம், காலை எழும்போதே யாரோ பட்டறைக் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி. அப்புறம் வேறொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே முப்பது வயதுகூட இருக்காது, ஒரு பெண் டாக்டர். நல்ல பெண்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, காது கேளாதவன் என்பதால் உரக்கச் சொன்னாள்:

"தாத்தா, பயப்படாதீங்க. ஒடம்புல ஒண்ணுமில்ல. சிந்தனைலதான் கொஞ்சம் பிரச்சினை."

மாவ்லின், கேட்டாயா? சிந்தனைப் பிரச்சினை! அதுவும் கதவு திறந்திருக்க, வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்க. உனக்கு நம் பட்டறை ஹாவ் ஞாபகம் இருக்கிறதல்லவா, எழுபத்து மூன்றில்? "சிந்தனைப் பிரச்சினை உள்ளவர்" என்று கட்சி அலுவலகத்தில் இருந்த அவன் கோப்பில் ஒரு வரி ஏறியது. அவன் மகளை எந்த ஆலையிலும் எடுக்கவில்லை. என் நிங் அரசுப் பள்ளியில் இருக்கிறாள். அடுத்த வருஷம் துணைத் தலைமையாசிரியை ஆக வேண்டியவள்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். விழுங்கினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நிங் பார்க்கும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, பிறகு வாசலில் இருக்கும் குட்டி ஆரஞ்சுச் செடித் தொட்டியில் துப்பிவிடுகிறேன்.

ஒன்று செய்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது மனதில் இருப்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அந்த டாக்டர் சொன்னாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்தில் நம் குற்றத்தை நாமே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுப்போமே, அந்தச் சுயவிமர்சனத்தை எழுதிவிட்டேன். முந்திக்கொண்டு எழுதினால் தண்டனை குறையும். பட்டறையின் சுவர்ப் பத்திரிகைக்கு எழுதியவன் நீ. கீழே படியெடுத்திருக்கிறேன், திருத்தி அனுப்பு.

"சுயவிமர்சனம். முன்னாள் ஆறாம் பட்டறை, மூன்றாம் அணித் தலைவன் லுவான் தேஷான் எழுதுவது.

வேலை செய்யாமல் சாப்பிடுகிறேன். என் மனைவி சாய்யுன் இறந்து இரண்டு வருஷம் ஆகியும் அவளுக்கும் சேர்த்துக் கிண்ணம் எடுக்கிறேன். நாம் குடியிருந்த வரிசை வீடுகளை இடித்தது முன்னேற்றத்துக்காக என்று தெரிந்தும் அதை நினைத்துப் பகலில் அழுகிறேன். இது பின்தங்கிய எண்ணம். மகள் நல்லவள், மருமகன் நல்லவன், வீட்டில் குறை ஒன்றும் இல்லை, ஆயினும் நான் நன்றியற்றவனாக இருக்கிறேன். யாரோடும் பேசுவதில்லை. இது கூட்டு வாழ்விலிருந்து விலகுவதாகும்.

மூன்று மாதமாக நான் துணி உலர்த்தும் பால்கனிப் பக்கம் போவதில்லை. அங்கே நின்றால் என் எண்ணம் என் சொல்லைக் கேட்பதில்லை. இது ஓர் உழைப்பாளிக்குத் தகாதது. இவற்றுக்கெல்லாம் என் சோம்பலே காரணம். திருத்திக்கொள்வேன் என்று உறுதி கூறுகிறேன். என் மகளுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை."

கடைசி வரியை இன்னும் அழுத்தமாக எழுத வேண்டுமா, பார்.

அண்ணன்,
தேஷான்

*

பென்ஷி
27 டிசம்பர் 2018

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் சுயவிமர்சனம் கிடைத்தது. சட்டப்படி அதை அணிக் கூட்டத்தில்தான் வைக்க வேண்டும். மூன்றாம் அணியில் இங்கே மிச்சமிருப்பது மூன்று பேர். நான், மேலே கிரேன் ஓட்டிய ஃபெங்சின், சக்கர நாற்காலித் தோங். எங்கள் அடுக்களையில், வேகவைத்த கொழுக்கட்டைத் தட்டைச் சுற்றிக் கூட்டம் நடந்தது. நான் எழுந்து நின்று வாசித்தேன். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

தோங் சொன்னான்: "இதுல எங்கடா குத்தம்? சாப்பிடுறதும் உக்காந்திருக்கிறதும் குத்தம்னா என்னைய மொதல்ல புடிச்சு உள்ள போடுங்க. பதினாலு வருஷமா உக்காந்தேதான் இருக்கேன்."

பிறகு பால்கனி வரிக்கு வந்தேன். தோங் கையிலிருந்த கொழுக்கட்டையைத் திரும்பத் தட்டில் வைத்தான். தோங் சாப்பாட்டைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

ஃபெங்சின்தான் பேசினாள்: "சிந்தனைப் பிரச்சினையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மனுஷனுக்கு நோவு. ஒனக்கு வந்த அதே நோவு. இன்னும் எத்தன வருஷம்யா மூடி வெப்ப? அந்தக் கால்சியம் டப்பாவ எடுத்து மேஜைல வை."

அதனால் இப்போது எடுத்து வைக்கிறேன், அண்ணே.

நம் வரிசை வீடுகளை இடித்த வருஷம், நாங்கள் இந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்துக்கு வந்தோமல்லவா? ஒரு நாள் காலையில் பல் தேய்க்க எழுந்தேன். பிரஷில் பசையை வைத்துக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தேன். மத்தியானம் ஃபெங்சின் சந்தையிலிருந்து வரும்வரை அப்படியே இருந்தேன். பசை காய்ந்துபோயிருந்தது. எழுந்து நாலடி நடக்க என்னால் முடியவில்லை, ஏன் முடியவில்லை என்றும் தெரியவில்லை. தாலியனில் மகன் வீட்டில் நாற்பது நாள் இருந்தேன் என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய். ஆஸ்பத்திரியில் இருந்தேன். அன்றிலிருந்து ஆறு வருஷமாக மாத்திரை. கால்சியம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சாய்யுன் அண்ணியின் காரியச் சாப்பாட்டில் நீங்கள் ஊற்றிய சாராயத்தை நான் தொடவில்லை என்று ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தீர்கள். அந்த மாத்திரையோடு குடிக்கக் கூடாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் கோபமே மேல் என்று வாங்கிக்கொண்டேன்.

என்னை யாரும் கோப்பில் ஏற்றவில்லை. என் மகனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலையில் எழுந்து பல் தேய்த்தேன். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அதற்காக நான் அழுதேன்.

இப்போது நீங்கள் என்னைக் கொல்லப் போகிற இடம். ஃபெங்சின் உங்கள் நிங்குக்குப் போன் செய்துவிட்டாள். பால்கனியைப் பற்றியும் ஆரஞ்சுத் தொட்டியைப் பற்றியும் சொல்லிவிட்டாள். திட்டுங்கள், ஆனால் எங்களால் சும்மா இருக்க முடியாது.

பட்டறையில் வாயால் கூப்பிட்டு யாருக்குக் கேட்டது? அதற்குத்தானே கை ஜாடை வைத்திருந்தோம். உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து. ஒரு விரலை ஆட்டினால் மெல்ல அடி. தொப்பியில் இரண்டு தட்டுத் தட்டினால், தனியாகத் தாங்க முடியவில்லை, மறுமுனையைப் பிடி. பார்த்தவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப் பிடித்து, காதருகில் "புடிச்சாச்சு!" என்று கத்துவான். அப்படித் தட்டியதற்காக யாரையாவது சோம்பேறி என்றோமா? பழுத்த இரும்பு ஒருத்தனால் தாங்குகிற கனமில்லை, அவ்வளவுதான்.

தீர்மானம்: சுயவிமர்சனம் ஏற்கப்படவில்லை. குற்றம் எதுவும் இல்லாததால் திருப்பி அனுப்பப்படுகிறது. உண்மையை மட்டும் எழுதி மீண்டும் சமர்ப்பிக்கவும். மூவரும் கை தூக்கினோம். தோங் இரண்டு கையையும் தூக்கினான்.

மாத்திரையை விழுங்குங்கள், அண்ணே. ஆரஞ்சுச் செடிக்கு எந்த நோவும் இல்லை.

தம்பி,
மாவ்லின்

*

ஜூஹாய்
8 ஜனவரி 2019

ஜீ மாவ்லினுக்கு,

நிங் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டாள். பால்கனிக் கதவுக்குப் புதுப் பூட்டு. மருமகன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, பயப்படுகிறான். வாயில் மாத்திரை போட்டதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறாள் நான் பெற்ற பெண். எழுபத்தோரு வயதில் எனக்கு இது வாய்த்திருக்கிறது. உன்னை நம்பி எழுதினேன், நீ சந்தையில் விரித்துவிட்டாய்.

அதைக்கூட மன்னிப்பேன். ஆறு வருஷம்! நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். நான் இரண்டு தெரு தள்ளி இருந்தேன். தொப்பியில் தட்டுவதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாயே, நீ எனக்குத் தட்டினாயா? என்னை என்னவென்று நினைத்தாய்? நான் உனக்கு யார்?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

லுவான் தேஷான்

*

பென்ஷி
28 பிப்ரவரி 2019

அன்பு அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஜனவரியில் இரண்டு எழுதினேன், இது மூன்றாவது. நான் என்றைக்கு ஒரே தடவையில் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

பதில் வராத நாளெல்லாம் நிங்கிடம் ஃபெங்சின் விசாரித்தாள். "இருக்காருங்க அத்தை. சாப்பிடுறாரு. உங்க கடிதத்த மடிச்சுத் தலையணைக்கு அடியில வெச்சிருக்காரு. பேசத்தான் மாட்டேங்குறாரு" என்றாளாம். அந்தத் தலையணையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதம் நம் புத்தாண்டைக் கழித்தோம்.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஏன் உங்களுக்குச் சொல்லவில்லை? இத்தனை வாரம் யோசித்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயப்படவில்லை. நீங்கள் லுவான் அணித் தலைவர். தொண்ணூற்றெட்டில் பட்டறையை மூடி அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியபோது வாசலில் நின்று அழாத ஒரே ஆள். மறுநாளே தெருவில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவர். உங்களைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து நின்றோம். நான் சாய்ந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னால், நீங்கள் எனக்காக உட்கார்ந்து அழுதுவிடுவீர்களோ என்று பயந்தேன். நீங்களும் சாய்ந்தால் அப்புறம் யாரைப் பார்த்து நிற்பது? என் சுயநலம்தான், அண்ணே. நீங்களும் சாயக்கூடிய மனிதர்தான் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்தத் தனிமையை உங்களுக்குக் கொடுத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதற்கு மன்னித்துவிடுங்கள்.

போனுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். மறுபடி அந்த நிலை வந்தால் மறுபடி செய்வேன்.

ஃபெங்சின் சொன்னாள், "எழுதிக் கிழிச்சது போதும், கெளம்பு." மார்ச் 27 ஷென்யாங்கில் ரயில் ஏறுகிறேன், முப்பது மணி நேரத்துக்கு மேல் படுத்துக்கொண்டே வந்து குவாங்சோவில் இறங்குகிறேன். கதவைத் திறக்காவிட்டால் இருபத்து மூன்றாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கும் பகலில் வேலை ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் என் நோவும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கிறது. பயப்படும்படி இல்லை. ஆனால் ஆறு வருஷம் தாமதமானாலும் இப்போது தட்டுகிறேன். தொப்பியில், இரண்டு தடவை. பார்த்தீர்களா?

தம்பி,
மாவ்லின்

*

ஜூஹாய்
16 மார்ச் 2019

அன்புத் தம்பி மாவ்லினுக்கு,

பார்த்தேன்.

இங்கே சுவரெல்லாம் வியர்க்கிறது. தெற்கே மார்ச் மாதம் இப்படித்தான், கடல் காற்று வந்து தரை, கண்ணாடி, படம் எல்லாவற்றிலும் நீர் வடியும். சாய்யுன் படத்தை நாளைக்கு நாலு முறை துடைக்கிறேன். அவளுக்கு ஈரம் ஆகாது. போன வருஷம் துடைக்கவில்லை, இந்த வருஷம் துடைக்கிறேன் என்பதை நிங்தான் கவனித்துச் சொன்னாள்.

உன் மேல் கோபம் தீரவில்லை. அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், ஜனவரி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பாத்ரூமில் திட்டினேன், சாப்பிடும்போது திட்டினேன். ஒரு நாள் திட்டியபடியே இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டேன். அவ்வளவு நாளாக எனக்குக் கோபம்கூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிப்ரவரியில், நம் புத்தாண்டுக்கு முந்தின சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மருமகன் வீட்டார் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் இந்த ஊர்ப் பேச்சில் ஒரே சிரிப்பு. நல்லவர்கள், என் கிண்ணத்தில் மீனாக எடுத்து எடுத்து வைக்கிறார்கள். எனக்கு அந்தக் கிண்ணம் தூக்க முடியாத கனமாக இருந்தது. கூடத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் எதையும் சொல்ல முடியாமல், காதில் வெறும் இரைச்சல். நம் பட்டறை மாதிரியே இரைச்சல். கை தானாகத் தலைக்குப் போயிற்று. தொப்பி இல்லை, வெறும் தலையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

எதிர் வரிசையில் நிங் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தினாள். சாப்பிடும் குச்சிகளைக் கீழே போட்டாள், போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஒன்று தரையில் உருண்டது. மேஜையைச் சுற்றி ஓடிவந்து என் முழங்கைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, காதருகில் கத்தினாள்: "புடிச்சாச்சுப்பா!"

பன்னிரண்டு பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் அவளைப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலுக்கு வந்து நிற்பாளே, ஆறு ஏழு வயதில், ஞாபகம் இருக்கிறதா? உள்ளே வராதே என்று துரத்துவோம். அங்கேயே நின்று பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறாள். முப்பத்தைந்து வருஷம் கழித்து அவளுக்கு அது மறக்கவில்லை. அப்பாவும் மகளும் அத்தனை பேர் நடுவில் அழுதோம். மருமகனின் தாயார் என்ன புரிந்துகொண்டாளோ, அவளும் அழுதாள்.

அதுவரை நிங்கின் நாக்குச் சோதனையையும் ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தேன், அதற்கு மறுநாளிலிருந்து மாத்திரையை உண்மையாகவே விழுங்குகிறேன். ஆறாவது வாரம் நடக்கிறது. காலை ஐந்து வரை தூங்குகிறேன். சில காலைகளில் கல் இன்னும் நெஞ்சில் இருக்கிறது, சில நாள் இல்லை. டாக்டர் பெண்ணிடம் மறுபடி போனேன். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"டாக்டரம்மா, இது கோப்புல ஏறுமா?"

"எந்தக் கோப்பு தாத்தா?"

"என் பொண்ணுக்கு எதுவும் ஆகாதே? சிந்தனைப் பிரச்சினைன்னு சொன்னீங்களே?"

அவள் நிங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை, மாவ்லின். அந்த இரண்டு சொல்லும் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. மனசு சோர்ந்திருக்கிறது என்பதை நோகாமல் சொல்ல வேண்டுமென்று தேடிப் பிடித்த சொல்லாம். ஹாவைப் பற்றி நான் சொன்னேன். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, மன்னிச்சுடுங்க. இனிமே எந்தத் தாத்தாகிட்டயும் அந்தச் சொல்லச் சொல்ல மாட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பயந்து இரண்டு மாதம் ஒரு செடிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். செடி நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் குடியிருப்பிலேயே அதைப் போல மகிழ்ச்சியான ஆரஞ்சு கிடையாது.

வந்த வழியில் நிங் செல்போனை நீட்டினாள். கண்ணைச் சிமிட்டினேன், வாயைத் திறந்தேன். ஏற்றுக்கொண்டது.

அணியின் தீர்மானப்படி திருத்திய சுயவிமர்சனம் கீழே:

"எனக்கு நோவு. குற்றம் இல்லை. லுவான் தேஷான்."

சுருக்கமாக இருக்கிறது என்று தோங் குறை சொன்னால், அவன் கொழுக்கட்டையை நீ சாப்பிட்டுவிடு.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. குவாங்சோவில் இறங்கியதும் அங்கேயே நில், நானும் நிங்கும் வருகிறோம். ஆறு வருஷக் கணக்கில் உன்னைத் திட்டப் போகிறேன், காது கேளாது என்று தப்பிக்க முடியாது, கை ஜாடையில் திட்டுவேன். சாராயம் வாங்கி வைக்கவில்லை, இருவருக்கும் கூடாது. உன் கால்சியம் டப்பாவைத் தைரியமாகக் கையில் எடுத்துக்கொண்டு வா, சாப்பாட்டு மேஜையில் என்னுடையதற்குப் பக்கத்தில் வைக்கலாம். இடுக்கியைக் கொண்டுவராதே, ரயிலில் ஏற்றமாட்டார்கள், வீண் சண்டை. அது உன் கதவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும், நான் கோடையில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீ தட்டியதைப் பார்த்தேன் என்றேன் அல்லவா? புடிச்சாச்சு, தம்பி.

அன்பு அண்ணன்,
தேஷான்

மறந்துவிட்டேன்: இந்த வருஷம் முட்டைக்கோஸ் எத்தனை போட்டீர்கள்? கல்லை ஓரமாகத்தானே வைத்தாய்? ஃபெங்சினிடம் சொல்லி ஒரு டப்பா நிறையக் கொண்டு வா. மூடியை இறுக்கக் கட்டு, போன தடவை என் பெட்டியெல்லாம் நாறிப்போயிற்று.